ஐந்நூறு மரத்துண்டுகள்

மலைகளுக்கு அப்பால், மேகத் திரைக்குப் பின்னால், மறைந்து கிடக்கிறது ஒரு நாடு. அங்கே உழைத்து உருக்குலைய வேண்டுவதில்லை. மண் தானாக விளையும். அங்கே முளைக்கும் பச்சிலையை மென்றால் பிணியில்லை, மூப்பில்லை. பகைவர் படை அங்கே நுழையாது. அங்கே மாண்டாலுங்கூடக் கேடில்லை. இழிபிறவி என்ற அச்சம் அறவே அற்றுவிடும்!

இப்படி ஒரு சேதியைப் பசித்தவன் காதிலே ஓதுங்கள். படையெடுப்பிலே வீட்டைப் பறிகொடுத்தவன் காதிலே ஓதுங்கள். என்ன செய்வான்? மூட்டையைக் கட்டுவான். குழந்தையைத் தோளிலே ஏற்றுவான். கிழத் தாயைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நடப்பான். திபெத்து நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடந்தார்கள். அவர்கள் தேடிச் சென்ற நாட்டின் பெயர் பெமாகோ. தாமரை அணிசெய்த இடம் என்று அதற்குப் பொருள் கூறுவர்.

நம்பி நடந்த அந்தக் கூட்டத்தின் கதை ஒன்று உண்டு. அதே நாட்டுக்கு, சொர்க்கத்தைத் தேடாமல், ஓர் ஆற்றின் போக்கைத் தேடிச் சென்ற ஒற்றை மனிதரின் கதையும் உண்டு. இரண்டையும் தனித்தனியே எழுதியவர்கள் பலர். சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

பெமாகோவின் பெருமையை முதலில் சொன்னவர் யார்? 8-ஆம் நூற்றாண்டிலே திபெத்துக்குச் சென்று வச்சிரயான பௌத்தத்தை அங்கே வேரூன்றச் செய்தவர் எனப் போற்றப்படும் பத்மசம்பவர் என்கிறார்கள். எப்போது சொன்னார்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! தம் காலத்து மக்களிடம் அவர் சொல்லவில்லையாம். பிற்காலத்திலே இடர் சூழும்போது பயன்படட்டும் என்று எழுதி, பாறைப் பிளவிலும் ஏரியின் அடியிலும் ஒளித்து வைத்தாராம். ஒளித்ததைக் கண்டெடுக்கும் பேறு பெற்றவர்கள் உரிய காலத்திலே தோன்றுவார்களாம். அவர்களுக்குத் தெர்தோன் என்று பெயர். புதையல் எடுப்போர் என்று பொருள். பெமாகோவுக்கு வழிகாட்டும் புதையல் ஏடுகள் 17-ஆம் நூற்றாண்டு முதல் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. எழுதியது 8-ஆம் நூற்றாண்டு, எடுத்தது 17-ஆம் நூற்றாண்டு! எடுத்தவரே படித்தார், படித்தவரே பொருள் சொன்னார், பொருள் சொன்னவரே வழியும் காட்டினார். கேட்டவனுக்கு மிஞ்சியது நடப்பது ஒன்றுதான்.

ஏட்டிலே இருக்கிறது என்பதற்காகவோ, ஆசான் கூறினார் என்பதற்காகவோ எதையும் ஏற்றுவிடாதீர்கள், ஆராய்ந்து தெளியுங்கள் என்று களாமர் என்னும் மக்களுக்கு அறிவுரை கூறியவராகப் பௌத்த நூல்களே புத்தரைக் காட்டுகின்றன. அந்தப் புத்தரின் பெயரால் எழுந்த மார்க்கத்திலேதான் இந்த ஏடுகளும் எழுந்தன. ஆயினும், ஏடு எடுத்தவர் எல்லாம் எத்தர் என்று ஒரே வீச்சில் கூறிவிட நாம் துணியவில்லை. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே மங்கோலியத் தலைவன் குசிரிகானின் படை திபெத்தைப் பிடித்தது. 1717-இல் சுங்கார் படை புகுந்து மடங்களைச் சூறையாடியது. வாளுக்கும் தீக்கும் நடுவே வாழ்ந்த மக்கள், மலைக்கு அப்பால் ஒரு புகலிடம் இருக்காதா என்று ஏங்கினார்கள். ஏக்கம் உண்மையானது. அந்த ஏக்கத்துக்கு ஏடு எழுதிக் கொடுத்ததுதான் தீங்கு.

சரி, அந்த நாடு எத்தகையது?

இமயத்தின் கிழக்குக் கோடியிலே, 7,782 மீட்டர் உயரம் நிமிர்ந்து நிற்கிறது நாம்சா பர்வா என்னும் சிகரம். எதிரே 7,294 மீட்டர் உயரமுள்ள கியாலா பெரி. இரண்டுக்கும் இடையே, உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்றைக் குடைந்துகொண்டு பாய்கிறது சாங்போ ஆறு. கயிலை மலையின் பக்கத்திலே பிறந்து, திபெத்தின் நெடுகிலும் கிழக்கு நோக்கி அமைதியாக ஓடிவரும் அந்த ஆறு, இங்கே வந்ததும் வெறி பிடித்ததுபோல் வளைந்து, நுரைத்து, தெற்கே திரும்புகிறது. அந்த வளைவிலும் அதன் கீழேயும் உள்ள காடுதான் பெமாகோ. வச்சிரவராகி என்னும் பெண் தெய்வம் படுத்திருக்கும் உடலே இந்த நாடு என்றனர் ஏடு கண்டோர். மலையொன்று ஓர் உறுப்பு, ஓடையொன்று ஓர் உறுப்பு, உறுப்புதோறும் திருத்தலம்.

தெய்வத்தின் மேனி என்று வந்தவரை வரவேற்றது அட்டை! காலிலே அட்டை, கழுத்திலே அட்டை. இலைமறைவிலே நச்சுப் பாம்பு. வங்கக் கடலிலிருந்து எழும் மழைமேகம் மோதி முறியும் இடமாதலால், திங்கள் கணக்கிலே ஓயாத மழை. மேலே பனி படர்ந்த கணவாய். கீழே காய்ச்சல் பரப்பும் ஈரக்காடு. பாலம் என்பது பிரம்பிலே பின்னிய கயிறு. பூட்டான் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மொன்பா மக்கள், காட்டை எரித்து, சரிவிலே சோளம் விதைத்து, உழைத்துத்தான் உண்டார்கள். தானாக விளைந்தது களையொன்றே. போமே நாட்டுத் தலைவனின் ஆட்கள் அவர்களிடம் வந்து வரி தண்டினார்கள். தெய்வத்தின் உடலுக்கும் திறை கேட்டது அரசு என்பது ஏட்டிலே எழுதப்படாத செய்தி.

இன்று அந்த நாட்டின் பெரும்பகுதி சீனத்தின் ஆட்சியிலே மெதோக் மாவட்டமாகவும், தென்பகுதி அருணாசலப் பிரதேசத்தின் மேல் சியாங் மாவட்டத்திலும் அடங்கியிருக்கிறது. மெதோக்குக்கு நிலையான நெடுஞ்சாலை திறக்கப்பட்டது 2013-இல்தான்! அதுவரை ஏறியும் இறங்கியும் நடந்துதான் சென்றார்கள். 2025 சூலையில், அந்த ஆற்று வளைவின் நீர் வேகத்தைக் கொண்டு மின்னாற்றல் எடுக்கும் மாபெரும் திட்டத்தைச் சீன அரசு தொடங்கியது. ஆற்றின் வீழ்ச்சி அத்தகையது. வளைவுக்கு மேலே, பே என்னும் ஊரருகே 9,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே ஓடும் ஆறு, அசாம் சமவெளியை எட்டும்போது ஏறக்குறைய 500 அடிக்கு இறங்கிவிடுகிறது.

இந்த ஆறுதான் பிரம்மபுத்திரா என்பது இன்று பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். 1880-இலே தெரியாது. திபெத்தின் சாங்போ எங்கே போகிறது? அசாமிலே இறங்கும் திகாங்காக மாறுகிறதா? அன்றிப் பர்மாவின் ஐராவதியாக மாறுகிறதா? இலண்டனிலும் கல்கத்தாவிலும் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். இவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு குறுகிய தொலைவிலே இறங்கவேண்டுமானால் இடையிலே நயாகராவைப்போன்ற ஓர் அருவி இருந்தாக வேண்டுமே என்றும் கணக்குப் போட்டார்கள். போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே? வெள்ளையருக்குத் திபெத்தின் கதவு சாத்தியிருந்தது.

ஆனால் யாத்திரிகனுக்குத் திறந்திருந்தது! இதைக் கண்டுகொண்டது ஆங்கில ஆட்சியின் நில அளவைத் துறை. இமயச் சாரல்களிலே பிறந்தவர்களைத் தேர்ந்து, யாத்திரிக வேடமிட்டு அனுப்பினார்கள். குமாவோன் மலைநாட்டு நயின் சிங் 1866 தொடக்கத்தில் அப்படித்தான் லாசாவை எட்டினார். அவர் கையிலே இருந்த செபமாலையிலே 108 மணிகள் இல்லை, 100 மணிகள்! நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். பார்ப்பவன் மந்திரம் என்று எண்ணுவான். அவர் எண்ணியது தொலைவை. பிரார்த்தனை உருளையின் உள்ளே மந்திரச் சுருளுக்குப் பதிலாக அளவைக் குறிப்புகள். மணியை உருட்டியவர் கோடிக்கணக்கானோர். உருட்டி ஒரு நாட்டுக்கு வரைபடம் தந்தவர் இவர்! அந்த வரைபடம் அறிவுக்கு மட்டுமா பயன்பட்டது, ஆதிக்கத்துக்கும் பயன்படவில்லையா என்று கேட்டால், ஆம், பயன்பட்டது. அதை மறைப்பானேன்? நடந்தவரின் காலுக்கு அந்தப் பழி இல்லை.

இந்த வரிசையிலேதான் வருகிறார் நம் கதைக்குரியவர். பெயர் கிந்துப். சிக்கிம் நாட்டவர்; டார்ஜிலிங்கிலே தையல் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது. அரசாங்கக் குறிப்புகளிலே அவருக்கு 'கே.பி.' என்ற இரண்டெழுத்துத்தான். ஏவலாள், எடுபிடி என்று எழுதிச் சென்றோர் உண்டு. நாம் 'அவர்' என்றே எழுதுவோம்.

1880-இல் காப்டன் ஹர்மன் என்னும் நில அளவை அதிகாரி, ஒரு சீன லாமாவைத் தேர்ந்து, துணையாளாகக் கிந்துப்பை உடன் அனுப்பினார். சாங்போவைப் பற்றிக்கொண்டே அசாம் வரையில் இறங்கி வரவேண்டும். முடியாவிட்டால் மாற்று வழி ஒன்று. ஓரடி நீளமுள்ள மரத்துண்டுகள் ஐந்நூறு வெட்டி, அடையாளமிட்டு, நாளுக்கு ஐம்பதாகப் பத்து நாள் ஆற்றிலே விடவேண்டும். கீழே அசாமிலே காவல் வைத்திருப்பார்கள். துண்டு ஒன்று வந்து சேர்ந்தாலும் போதும்; சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்றே என்பது உறுதியாகிவிடும். எளிய சோதனை, ஐயத்துக்கு இடம் வைக்காத சோதனை.

லாமா பெரியவர், தலைவர், கிந்துப் கூலியாள். ஆனால் பெரியவரின் பெருமையைப் பாருங்கள்! வழியிலே ஓர் ஊரிலே தங்கினார். தங்க இடம் கொடுத்தவனின் மனைவிமேல் மையல் கொண்டார். நான்கு திங்கள் அங்கேயே கிடந்தார். இழப்பீடாக 25 ரூபாய் கொடுத்து அவரை மீட்டுக்கொண்டு நடந்தார் கிந்துப். அதற்கு நன்றிக்கடனாக, தோங்யுக் என்னும் கோட்டையூரிலே, 1881 மே திங்களிலே, அந்த லாமா ஒரு காரியம் செய்தார். சில நாளில் வருகிறேன் என்று கூறிப் புறப்பட்டுப் போனார், வரவில்லை. கோட்டைத் தலைவனுக்கு ஓர் அடிமையை விற்றுவிட்டுப் போயிருக்கிறார்! விலையான பொருள் கிந்துப். அவருக்கே அது பிறகுதான் தெரிந்தது.

பத்துத் திங்கள் அடிமை வேலை. 1882 மார்ச்சு 7-ஆம் நாள் தப்பினார். தோழர்களே, இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். அனுப்பியவர் எங்கோ இருக்கிறார். அழைத்துவந்தவன் விற்றுவிட்டு ஓடிவிட்டான். பணமில்லை, பாதுகாப்பில்லை. வந்த வழியே டார்ஜிலிங் திரும்பினால் குற்றம் சொல்ல எவருக்கு வாயுண்டு? கிந்துப் திரும்பவில்லை. ஆற்றை நோக்கி நடந்தார். ஆற்றோடு கீழே இறங்கினார். ஏற்றுக்கொண்ட வேலை முடியவில்லை. பெமாகோவுக்குள்ளே அவர் புகுந்த காரணம் அது ஒன்றுதான்.

மார்புங் என்னும் ஊரை அடைந்தபோது, தோங்யுக் தலைவனின் ஆட்கள் பிடிக்க வந்துவிட்டார்கள். அவ்வூர் மடத்தின் தலைமை லாமாவின் காலிலே விழுந்தார் கிந்துப். யாத்திரை வந்த ஏழை, காப்பாற்றுங்கள் என்றார். லாமா பேசினார், பேரம் நடந்தது, 50 ரூபாய்க்கு முடிந்தது. பழைய எசமானனிடமிருந்து புதிய எசமானனுக்குக் கைமாறினார் கிந்துப். எங்கே நடந்தது இந்த விற்பனை? இழிபிறவி அச்சமே அற்றுவிடும் என்று ஏடு புகழ்ந்த அதே புண்ணிய மண்ணிலே! அந்த லாமா கொடியவர் அல்லர். பிறகு அவர் செய்ததையும் சொல்வோம். ஆனால், கருணை உடையவரும் ஒரு மனிதனைக் காப்பாற்ற வேண்டுமானால் விலைகொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்றிருந்த முறையை என்னவென்பது?

நான்கரைத் திங்கள் உழைத்தபின் விடுப்புக் கேட்டார் கிந்துப். அடிமைக்கு ஏது விடுப்பு? தாய் நோயுற்றாள் என்றால் விடுவார்களா? உடல் நலமில்லை என்றால் விடுவார்களா? ஆனால் ஒரே ஒரு சொல்லுக்கு அந்த நாட்டிலே கதவு திறக்கும். தீர்த்த யாத்திரை! அந்தச் சொல்லைச் சொன்னார். ஒரு திங்கள் கிடைத்தது. கிலிங் என்னும் இடத்துக்குச் சென்று, காட்டிலே மறைந்து, ஒவ்வொன்றாக ஐந்நூறு மரத்துண்டுகளை வெட்டினார். ஆள் புகாத குகை ஒன்றிலே அடுக்கினார். அடுக்கிவிட்டு மடத்துக்குத் திரும்பினார்.

ஏன் அப்போதே ஆற்றிலே எறியவில்லை? இங்கேதான், எழுத்தறியா அந்த மனிதரின் அறிவு எத்தகையது என்பது புலப்படுகிறது. இரண்டாண்டு கடந்துவிட்டது, அசாமிலே காத்திருந்தவர்கள் இன்னுமா காத்திருப்பார்கள்? காண்பார் இல்லாமல் கட்டையை எறிந்தால் அது வெறும் கட்டை. காண்பார் இருந்தால்தான் அது சான்று. நாள் குறித்துச் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லி அனுப்ப வேண்டுமானால் கடிதம் வேண்டும். தமக்கு எழுதத் தெரியாது. எழுதித் தருபவன் லாசாவிலே கிடைப்பான். மீண்டும் யாத்திரை!

இம்முறை சாரி மலைக்குப் போகவேண்டும் என்றார். திபெத்திலே மிகப் புனிதமானவை எனப்பட்ட மலைகளில் ஒன்று அது. அதன் உச்சிச் சுற்றுப்பாதையிலே பெண்கள் கால்வைக்கலாகாது என்று தடுத்துவைத்திருந்தார்கள். (புனிதம் கூடக் கூடப் பெண்ணுக்கு வழி அடைபடுவது எந்த மலைக்கும் பொது போலும்!) பக்தியுள்ள அடிமை என்று மகிழ்ந்தார் லாமா, அனுப்பினார். சாரி வழியாக லாசாவுக்கு நடந்தார் கிந்துப். அங்கே சிக்கிம் நாட்டவர் ஒருவரைக் கண்டு, டார்ஜிலிங்கிலிருந்த நேம் சிங்குக்குக் கடிதம் எழுதச் செய்தார். நேம் சிங் நில அளவையாளர். 1878-79-இல் அவரோடு கியாலா வரையில் கிந்துப் ஒருமுறை வந்திருக்கிறார். லாமா என்னை விற்றுவிட்டார், தப்பினேன், திபெத்திய ஆண்டின் பத்தாம் திங்கள் 5-ஆம் நாள் முதல் 15-ஆம் நாள் வரையில் துண்டுகளை விடுவேன், ஹர்மனிடம் சொல்லுங்கள் என்பது கடிதத்தின் சாரம்.

லாசாவிலிருந்து வீட்டுக்கு வழி உண்டு. பிடிக்க வருபவன் எவனும் இல்லை. அவரோ மார்புங்குக்குத் திரும்பி நடந்தார், தாமாகவே, அடிமையாக! குறித்த நாள் வரும்வரை ஒன்பது திங்கள் மடத்திலே உழைத்தார். இத்தனை யாத்திரை செய்யும் பக்தனை இனியும் அடிமையாக வைத்திருப்பது தகாது என்று அந்த லாமா அவரை விடுதலை செய்தார். லாமா கண்ட பக்தி உண்மையானதுதான். எதன்மேல் பக்தி என்பதிலேதான் அவருக்குத் தெளிவில்லை.

குகையிலிருந்து துண்டுகளை எடுத்தார். நாளுக்கு ஐம்பது, பத்து நாள், ஐந்நூறு. சுழலும் நுரையிலே ஒவ்வொன்றாக விட்டார்.

கீழே ஒருவரும் இல்லை.

கடிதம் உரிய காலத்திலே உரியவர் கைக்குச் சேரவில்லை. ஹர்மன் உடல் நலங்கெட்டு இந்தியாவைவிட்டே போய், 1883-இல் இறந்துவிட்டார். ஐந்நூறு துண்டுகளும் அபோர் மலைகளைத் தாண்டி, அசாமைத் தாண்டி, வங்கத்தைத் தாண்டி, கவனிப்பாரற்றுக் கடலுக்குப் போயிருக்க வேண்டும். இது தெரியாமல், இன்னும் கீழே இறங்கிப் பார்த்துவிடத் துணிந்தார் கிந்துப். அசாம் சமவெளி ஏறக்குறைய 35 மைல் தொலைவில் என்னும் அளவுக்கு நெருங்கினார். மேலே செல்வது உயிருக்கு இடர் என்ற நிலையிலே திரும்பி, மறுபடியும் லாசா வழியே சுற்றி, 1884 நவம்பரிலே டார்ஜிலிங்கை அடைந்தார். நான்காண்டு கடந்திருந்தது. தாய் மறைந்துவிட்டிருந்தாள்.

இரண்டாண்டு கழித்து அவருடைய வாய்மொழியைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர் சொன்னார், ஒருவர் எழுதினார், மற்றொருவர் ஆங்கிலத்திலே பெயர்த்தார், 1889-இல் அறிக்கை அச்சாயிற்று. அதிலே, பெமாகோசுங் மடத்தருகே சாங்போ ஆறு 150 அடி உயரத்திலிருந்து வீழ்கிறது என்றொரு செய்தி. ஆங்கில உலகம் அந்த அருவியைப் பிடித்துக்கொண்டது. சொன்ன மனிதரை விட்டுவிட்டது. ஊர் ஊராக, மடம் மடமாக அவர் ஒப்புவித்த வழியைச் சிலர் ஏற்றனர், பலர் ஐயுற்றனர். படிப்பறியாத ஆள், நான்காண்டு நடந்ததை நினைவிலே வைத்துச் சொல்கிறானாம், குறிப்பேடு கிடையாது, அளவைக் கருவி கிடையாது. எப்படி நம்புவது என்றார்கள். பாறையிலே கிடைத்த ஏட்டை ஒரு நாடு நம்பியது. நடந்தவன் வாய்ச்சொல்லை மற்றொரு நாடு நம்ப மறுத்தது!

இனி, நம்பி நடந்த கூட்டத்தின் கதை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கிழக்குத் திபெத்தின் காம் நாட்டிலே சீனப் பேரரசின் பிடி இறுகியது. 1905-க்குப் பின் சாவோ எர்பெங் என்னும் தளபதி மடங்களை இடித்தும் மக்களைக் கொன்றும் அந்நாட்டை அடக்கினான். புகலிடம் தேடும் காலம் வந்துவிட்டது என்றனர் லாமாக்கள். ஏட்டிலே கண்ட காலம் இதுவே என்றனர். ஆயிரக்கணக்கானோர், குடும்பம் குடும்பமாக, பெமாகோவை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களில் ஒரு பெருங்கூட்டம் பனிக் கணவாய்களைத் தாண்டி, மிசிமி மக்களின் காட்டிலே, திபாங் ஆற்றின் தலைப்பிலுள்ள மிப்பி என்னும் பள்ளத்தாக்கிலே வந்து இறங்கியது. அங்கே பளிங்கு மலை உண்டு, அதைச் சுற்றிலும் பொன்னுலகம் உண்டு என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்கு.

கண்டது என்ன? மழை, காய்ச்சல், பசி. காடு வெட்டிப் பயிரிட்டார்கள். வந்த கூட்டத்துக்கு விளைச்சல் போதவில்லை. அந்த மண்ணுக்கு உரியவர்களான மிசிமி மக்களோடு பூசல் மூண்டது. மிசிமிகளைக் குறைகூற நமக்கு மனமில்லை. தன் காட்டிலே அடுத்தவனின் சொர்க்கம் வந்து குடியேறினால் எவன்தான் சும்மா இருப்பான்? சில ஆண்டிலேயே பெரும்பாலோர் திரும்பி நடந்தனர். வழியிலே மாண்டவர் பலர். நடக்க இயலாத முதியோரும் நோயாளரும் மிப்பியிலேயே விடப்பட்டனர்.

அந்த மிச்சத்தைத்தான் 1913-இல் பெய்லி, மோர்செட் என்னும் இரண்டு ஆங்கில அதிகாரிகள் கண்டார்கள். மிசிமி மலையிலே நில அளவைக்கு வந்தவர்கள் அவர்கள். திபெத்திய மொழி அறிந்த பெய்லி அம்முதியவர்களோடு பேசி, அவர்கள் வந்த வழியைக் கேட்டறிந்தார். சொர்க்கம் தேடி வந்தவர்கள் திரும்பிச் சென்ற பாதையிலேயே ஏறி, மே திங்களிலே இருவரும் திபெத்துக்குள் நுழைந்தனர். ஏட்டை நம்பி வந்தோரின் சிதைந்த வழி, ஏடறியாதவரின் வாய்மொழி உண்மைதானா என்று பார்க்கும் வழியாயிற்று. வரலாற்றிலே இப்படியும் நேர்வதுண்டு.

கிந்துப் சொன்ன ஊர்கள் இருந்தன. சொன்ன வரிசையிலேயே இருந்தன. முப்பது ஆண்டுக்கு முன்னர் வாய்மொழியாகச் சொன்ன பாதை, அளவைக் கருவியின்முன் நிமிர்ந்து நின்றது. ஒன்றுதான் இடித்தது. பெமாகோசுங்கிலே 150 அடி அருவி இல்லை! ஏறக்குறைய 30 அடி வீழ்ச்சிதான் இருந்தது. ஆகா, பொய்யன் அகப்பட்டான் என்று முடித்திருக்கலாம். பெய்லி அப்படி முடிக்கவில்லை. அந்த நேர்மையை நாம் பாராட்டியே ஆகவேண்டும். கிந்துப் உயிரோடிருக்கிறாரா என்று தேடச் செய்தார். இருந்தார்! டார்ஜிலிங்கிலே பழையபடி தையல் வேலை பார்த்துக்கொண்டு. சிம்லாவுக்கு வரவழைத்து, முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்.

நான் அப்படிச் சொல்லவில்லையே என்றார் கிந்துப். பெமாகோசுங்கிலே சாங்போ விழுவது வீட்டளவு உயரந்தான். உயரமான அருவி கியாலாவிலே, ஆற்றிலே வந்து சேரும் ஒரு சிற்றோடையிலே இருக்கிறது. இரண்டையும் குழப்பி ஒன்றாக்கியவர்கள், எழுதத் தெரிந்தவர்கள். தாம் சொன்னது என்னவென்று அச்சிலே வந்ததோ அதைப் படித்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. முப்பது ஆண்டு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் பிழையை, எழுதப் படிக்கத் தெரியாதவர் சுமந்திருக்கிறார்.

அருவியாசை அதோடு அடங்கிவிடவில்லை. 1924-இல் கிங்டன் வார்டு என்னும் தாவர ஆய்வாளர் பள்ளத்தாக்கிலே இறங்கித் தேடினார். சில மைல்கள் மட்டும் எவரும் எட்ட முடியாமல் எஞ்சின. 1998-இல் ஈயன் பேக்கர் முதலிய அமெரிக்கர்கள் அந்த இடைவெளிக்குள் இறங்கி, நூறு அடிக்கு மேற்பட்ட அருவி ஒன்றை அளந்து, மறைந்திருந்த அருவி என்று பெயரிட்டனர். கண்டுபிடித்தவர் யார் என்பதிலே சீனருக்கும் அவர்களுக்கும் வழக்கு எழுந்தது. அவர்களை அங்கே இட்டுச் சென்ற மொன்பா வேடர்களுக்கு, அந்த அருவி என்றைக்குமே மறைந்திருந்ததில்லை.

கிந்துப்புக்கு ஓய்வூதியம் அளிக்கவேண்டும் என்று அரசுக்கு எழுதினார் பெய்லி. அரசு தயங்கியது. எத்தனை ஆண்டு வாழ்வாரோ, எத்தனை ஆண்டு கொடுக்க நேருமோ! மொத்தமாக 1,000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தது. தோங்யுக்கிலே ஒரு விலை, மார்புங்கிலே 50 ரூபாய், சிம்லாவிலே 1,000. பணத்தோடு டார்ஜிலிங் திரும்பிய அவர் சில திங்களிலேயே இறந்துபோனார்.